ரிப்பன் வெட்டுமுன் ஒரு வாய் ஷீரோ!

“ஐயோ...! யாராவது ஓடி வாங்களேன்...!”

வெய்ரா தொழிற்பேட்டையின் நாலாம் நம்பர் கொட்டகையிலிருந்து அந்த அலறல் கிளம்பியபோது, எதிர்ச்சாரியில் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த லெம்லெம் வறுசட்டியை அப்படியே இறக்கி வைத்தாள்.

கொட்டை கருகினால் கருகட்டும்!

இந்த ஊரில் ஓர் அலறலுக்கு இரண்டாவது ஆளாகப் போய் நின்ற சரித்திரம் அவளுக்குக் கிடையாது.

ரோட்டைத் தாண்டினாள். கேட்டில் காவலாளியைக் காணோம். காவலாளி வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி வோர்க்குதான். ‘தூங்கப் போயிருப்பான் தடிமாடு’ என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

நுழைந்தவள் நின்றாள்.

வரிசை வரிசையாக இருநூறு தையல் மெஷின்கள். மேலே கலர் காகிதத் தோரணம். வாசலில் மந்திரி வெட்டப்போகும் சிவப்பு ரிப்பன்.

நடுவில் ஒரு மேஜை. மேஜையில் ஒரு தட்டு. தட்டின் மேல்...

கிதானேயின் முகம்!

கவிழ்ந்து கிடந்தது. உதட்டோரம் நுரை.

கிதானே, தலைநகர் அடிஸிலிருந்து வந்திருந்த சோதனை அதிகாரி. மெஷின் இருக்கிறதா, ஓடுகிறதா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் கையெழுத்து விழுந்தால்தான் நிலமும் வரிச்சலுகையும் முதலாளிக்கு. யார் கையாலும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர். லெம்லெமிடம் மட்டும் காசு கொடுத்துக் காலைச் சாப்பாடு வரவழைப்பார். அதைத் தினமும் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பது வோர்க்கு.

அலறியவர் முதலாளி மெஸ்ஃபின். இதே ஊரில் பிறந்து, இருபத்தைந்து வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, பெயரையும் ‘மேக்ஸ்’ என்று சுருக்கிக்கொண்டு திரும்பியவர். நீலக் கோட்டு. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஈரம் இருந்ததாக லெம்லெமுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் பேட்டை மேனேஜர் ஷிமெலிஸ் கையைப் பிசைந்தார்.

“செத்துட்டார்னு யாரும் வாயத் திறக்கக்கூடாது! மந்திரி வந்துட்டுப் போற வரைக்கும் இவர் களைப்பா இருக்கார். அவ்வளவுதான்!”

“வாயில நுரை தள்ளியிருக்கே, சார்?” என்றாள் லெம்லெம்.

“களைப்பு ஜாஸ்தி!”

“மூச்சும் இல்லையே?”

“நீ யாரும்மா? காபிக்காரிக்கு இங்கே என்ன வேலை?”

“பேட்டைக்கு நாலு தடவை அடிக்கல் நாட்டினப்போ நாலு தடவையும் என் காபியத்தானே குடிச்சீங்க? அப்போ மட்டும் உறவுக்காரியா தெரிஞ்சேனா?”

அதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. முதலில் தொப்பை இறங்கியது. பின்னால் இன்ஸ்பெக்டர் ஜெமால் இறங்கினார்.

குனிந்தார். மோந்தார். நிமிர்ந்தார்.

“விஷம்! பூந்தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வாடை அடிக்குது. யாரு சாப்பாடு கொண்டாந்தது?”

ஒரு மூலையில் தூணோடு தூணாக நின்ற வோர்க்கு கையைத் தூக்கினான்.

“நான்தான் சார்... அக்கா வீட்டுச் சாப்பாடு... டப்பாவை மேஜையில வெச்சுட்டுக் கேட்டுக்குப் போயிட்டேன்...”

“பொய்!” என்றார் மெஸ்ஃபின். “இன்ஸ்பெக்டர், நான் கண்ணால பார்த்தேன். இவன்தான் டப்பாவைத் திறந்து தட்டுல கொட்டினான். இன்னைக்குப் புதன்கிழமை இல்லையா? கிதானே விரதம் தவறாத மனுஷன். கறி, பால் தொடமாட்டார். அதான் ஷீரோ கொண்டாந்திருக்கான். அவரும் நம்பிச் சாப்பிட்டுட்டார்... பாவம்!”

“டப்பா எங்கே?”

“எங்கே ஒளிச்சானோ!”

“முன்விரோதம் உண்டா?”

ஷிமெலிஸ் முந்திக்கொண்டார். “உண்டு, உண்டு! காவல் நேரத்துல தூங்கினான்னு போன வாரம் கிதானே இவனைப் பத்தி எழுதிக் குடுத்தார். போதுமா? இன்ஸ்பெக்டர், மதியம் மந்திரி வர்றார். அதுக்குள்ள...”

“அதுக்குள்ள கேஸ் முடிஞ்சாச்சு!” ஜெமால் விலங்கை எடுத்தார். “விழா முடிஞ்சதும் இவனை அடிஸுக்கு ஏத்திடறேன். கொலைக் கேஸு. தூக்குக்குக் குறைஞ்சு எதுவும் கிடைக்காது.”

“அக்கா...!”

தம்பி அப்படிக் கத்தி லெம்லெம் கேட்டதில்லை. சின்ன வயதில் கழுதை உதைத்தபோதுகூட இவ்வளவு சத்தம் போடவில்லை அவன்.

அழ நேரமில்லை. அவள் கண் மேஜையை மேய்ந்தது.

தட்டில் ஒரு இஞ்சேரா அப்பம். அதன்மேல் ஷீரோ... கடலைமாவுக் குழம்பு.

மேஜையோரம் கை கழுவுகிற செம்பு. தளும்பத் தளும்பத் தண்ணீர். பக்கத்துக் கிண்ணி உலர்ந்து கிடந்தது.

கிதானேயின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. விரலில் ஒரு துளி குழம்பு இல்லை!

லெம்லெமின் புருவம் ஏறியது.

*

ஜீப் பின்சீட்டு ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

“டேய், அழாம சொல்லு. நான் டப்பாவுல என்னடா வெச்சேன்?”

“கோழிக் குழம்பு... ரெண்டு முட்டையோட... அந்தாள் ஷீரோன்றான், அக்கா! அந்த இன்ஸ்பெக்டர் என்னைப் பேசவே விடல!”

“காலையில கிதானே என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?”

“ஒரு மெஷினைத் தலைகீழாக் கவுத்துப் பார்த்தார். அப்புறம்... சிரிச்சார், அக்கா.”

“கிதானேயா? சிரிச்சாரா?”

“எனக்கே பயமாயிடுச்சு! ‘வோர்க்கு, இங்கே பாரு’ன்னு காட்டினார். அடியில சாக்பீஸ்ல ஒரு சின்னச் சிலுவை. ‘ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வடக்கே ஒரு பேட்டையைத் திறந்தாங்க. அங்கே எண்ணி முடிச்சதும் ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில நான் போட்ட குறிடா இது. அதே மெஷின் லாரி ஏறி இங்கே வந்திருக்கு’ன்னார்.”

“இதை வேற யாரு கேட்டா?”

“முதலாளி பக்கத்துலதான் நின்னார்... கேட்டதும் காரை எடுத்துக்கிட்டு, தங்கியிருக்கிற ஓட்டலுக்குப் போயிட்டு வந்தார்...”

லெம்லெம் ஜன்னலை விட்டாள்.

விஷயம் விளங்கிவிட்டது! இருநூறு மெஷின். ஊருக்கு ஊர் ஊர்வலம். ஊருக்கு ஒரு ரிப்பன். ஊருக்கு ஒரு நிலம். சாமி புறப்பாடுகூட வருஷத்துக்கு ஒரு தடவைதான். இந்த மெஷின்கள் மாசத்துக்கு ஒரு தடவை!

கொட்டகைப் பின்பக்கம் போனாள். மெஷின் வந்த மரப்பெட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. அடுத்தவர் வீட்டுக் குப்பையைக் கிளறுவதில் அவளுக்கு இருபது வருஷ அனுபவம். நாலாவது பெட்டிக்குப் பின்னால் கை பட்டது...

ஒரு மண்சட்டி!

அடியில் ஷீரோ ஒட்டியிருந்தது. விளிம்பில் கொக்குப் படம். ஏரிக்கரை ஓட்டலின் முத்திரை. வாய்ப்பக்கம் ஒரு நகக்கண் அளவு உடைந்திருந்தது.

முந்தானைத் துணியில் சுற்றினாள். போனை எடுத்தாள். ஏரிக்கரை ஓட்டல் சமையற்காரி எத்தேனேஷ் அவளுக்குச் சர்ச்சுத் தோழி.

“எத்தேனேஷ், இன்னைக்குக் காலையில உங்க ஓட்டல்ல ஷீரோ போச்சா?”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“போச்சுடி! ஈஸ்டர் முடிஞ்சு மூணாம் நாள் எவன்டி ஷீரோ கேப்பான்? உங்க அமெரிக்காக்காரர் ரூம்ல இருந்து ஆர்டர். சமையல்கட்டே சிரிச்சுது! ‘விமானம் ஏறுறப்போ நாக்கைக் கழட்டி வாங்கி வெச்சுக்கிட்டாங்க போல’ன்னு நான்தான் சொன்னேன்.”

“சட்டியோடவா?”

“சட்டியோட. அது இன்னும் திரும்பி வரலை. ஏன்டி?”

“மதிய விருந்து உங்க ஓட்டல்தானே?”

“ஆமா. மந்திரிக்குக் கோழி, ஆட்டுக்கறி, பச்சைக் கொத்துக்கறி...”

“கூட ஒரு சட்டி ஷீரோ கிண்டு. நல்லதா. அதே மாதிரி சட்டியில. வாய்ல கொஞ்சம் உடைச்சுடு.”

“சட்டி வாயையா?”

“பின்னே உன் வாயையா? மீதியை அப்புறம் சொல்றேன்!”

*

இன்ஸ்பெக்டர் ஜெமால் கூடாரத்து நிழலில் நாற்காலி போட்டு, வராத சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார். லெம்லெம் சட்டியை அவர் மடியில் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“கொலை செஞ்ச சட்டி. சார், நீங்க முஸ்லிம். உங்களுக்கு எங்க விரதக் கணக்கு மறந்திருக்கலாம். ஞாயித்துக்கிழமை ஊர்ல என்ன?”

“ஈஸ்டர். பக்கத்து வீட்டுல ஆடு வெட்டினாங்க. எனக்குத்தான் தூக்கமே இல்ல.”

“அன்னையில இருந்து அம்பது நாளைக்கு எங்களுக்குப் புதன் வெள்ளி எதுவும் விரதம் கிடையாது, சார்! அம்பத்தஞ்சு நாள் வாயைக் கட்டினவங்க, அம்பது நாளைக்கு அவுத்து விட்டுடுவோம். இன்னைக்குப் போய் எந்தக் கிறுக்கன் ஷீரோ தின்பான்?”

ஜெமால் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட, ஆமாம்! காலையில கசாப்புக் கடையில கூட்டம் தாங்கல...”

“புதன்னா விரதம்னு அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போனவர், இந்த அம்பது நாளை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போயிட்டார். நான் டப்பாவுல வெச்சது கோழிக் குழம்பு. ஷீரோ வாங்கினது அவர்தான். ஓட்டல்ல கேட்டுப் பாருங்க.”

“இரு, இரு. கிதானே யார்கிட்டயும் தண்ணிகூட வாங்க மாட்டாராமே? இவர் குடுத்ததை எப்படிச் சாப்பிட்டார்?”

“கை கழுவலையே, சார்! செம்புல தண்ணி அப்படியே இருக்கு. விரல் சுத்தமா இருக்கு. அவரா எடுத்துச் சாப்பிடல. ஒருத்தர் ஊட்டினா?”

ஜெமாலின் கண் விரிந்தது.

“குர்ஷா...!”

குர்ஷா... கையால் உருட்டி அடுத்தவர் வாயில் வைக்கும் ஒரு கவளம். லஞ்சத்தை மறுக்கலாம். பரிசை மறுக்கலாம். நீட்டிய குர்ஷாவை மறுத்தால் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க முடியாது. கிதானேயின் வாய் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு முதலாளிக்குத் திறந்தது.

கடைசித் தடவையாகவும்!

“எல்லாம் சரி லெம்லெம்,” ஜெமால் குரலைத் தாழ்த்தினார். “முதலீட்டாளரை, மந்திரி வர்ற நாள்ல, ஒரு சட்டியை நம்பி நான் பிடிச்சேன்னா, என்னை எல்லையில ஒட்டகம் எண்ண அனுப்பிடுவாங்க.”

“அப்போ என் தம்பி?”

“விழா முடியட்டும்...”

“முடிஞ்சா அவனை அடிஸுக்கு ஏத்திடுவீங்க! அங்கே உட்கார்ந்துக்கிட்டு ஏரிக்கரை ஓட்டல் சட்டியை யாரு விசாரிக்கப் போறாங்க? சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பந்தியில மந்திரி பக்கத்துல நில்லுங்க. போதும்.”

“நான் எதையும் பார்க்கலை. எதையும் கேட்கலை.” ஜெமால் சட்டியைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். “ஆனா பக்கத்துல நிப்பேன். கொத்துக்கறிக்காக!”

*

சைரன் அலற, ஏழு கார்களோடு மந்திரி வந்தார்.

கிதானே களைப்பாக இருந்த நாலாம் நம்பர் கொட்டகையைப் பூட்டி, ரிப்பனை ஐந்தாம் நம்பருக்கு மாற்றிக் கட்டியிருந்தார் ஷிமெலிஸ். ஐந்தாம் நம்பர் காலி. கதவைத் திறக்காமலே வெட்டுவது என்று ஏற்பாடு!

“முதல்ல சாப்பாடு,” என்றார் மந்திரி. “வளர்ச்சி எங்கேயும் ஓடிடாது.”

கூடாரத்தில் பெரிய கூடையில் இஞ்சேரா வந்தது. கோழி வந்தது. கறி வந்தது. எல்லாம் ஏரிக்கரை ஓட்டல் பண்டம்.

மெஸ்ஃபின் பயப்படாமல் வெளுத்துக் கட்டினார். இருபத்தைந்து வருஷப் பசி!

மூலையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த லெம்லெம் தலையை ஆட்டினாள். ஓட்டல்காரன் கடைசியாக ஒரு மண்சட்டியை எடுத்து வந்து மந்திரி முன்னால் வைத்தான். கொதித்துக்கொண்டிருந்தது.

“ஷீரோவா? ஈஸ்டர் வாரத்துலயா?” மந்திரி சிரித்தார்.

“காலையிலயே முதலாளி ஐயா ஆசைப்பட்டுக் கேட்டது, ஐயா,” என்றான் அவன், சொல்லிக் கொடுத்தபடி.

மெஸ்ஃபின் நிமிர்ந்தார்.

விளிம்பில் கொக்கு. வாயில் நகக்கண் அளவு உடைசல்.

கையிலிருந்த கோழிக்கால் நழுவித் தட்டில் விழுந்தது.

“அப்படியா சங்கதி!” மந்திரி இஞ்சேராவைப் பிய்த்துச் சட்டிக்குள் தோய்த்தார். உருட்டினார். கேமராக்காரனைப் பார்த்து, “எடுய்யா நல்லா... நம்ம மண்ணுக்குத் திரும்பி வந்த பிள்ளைக்கு, அரசாங்கத்தோட குர்ஷா!”

கவளம் மெஸ்ஃபினின் உதட்டருகே வந்தது.

உதடு திறக்கவில்லை!

“என்ன, என் கை பிடிக்கலையா?”

“வ... வயிறு சரியில்லை...”

“இவ்வளவு நேரம் சரியாத்தானே இருந்துச்சு? கோழி பாதியைக் காணோமே!”

கூட்டம் முணுமுணுத்தது. குர்ஷாவை மறுக்கிறான்... அதுவும் மந்திரி கையால்! ஷிமெலிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “வாயைத் திறங்க மேக்ஸ்... தொழிற்பேட்டைக்காகத் திறங்க...” என்று கெஞ்சினார்.

நெற்றியெல்லாம் வேர்வை. மெஸ்ஃபின் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

மந்திரியின் முகம் சுருங்கியது. நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. கையை மடக்கினார்.

“வேணாம்னா போ! நானே சாப்பிட்டுக்கறேன்!”

கவளம் மந்திரியின் வாயை நோக்கிப் போனது...

மெஸ்ஃபின் கணக்குப் போட்டார். மந்திரி செத்தால் நிலம் இல்லை. வரிச்சலுகை இல்லை. அடுத்த ரிப்பன் இல்லை...

“சாப்பிடாதீங்க!” பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். “விஷம்...! அந்தச் சட்டியில விஷம்...!”



ஜெமால் வாயில் இருந்த கொத்துக்கறியை அவசரமாக விழுங்கினார்.

“எந்தச் சட்டியில சார்?”

“அதோ... அந்த...”

“பந்திக்கு வந்ததெல்லாம் அதே ஓட்டல். எல்லாத்தையும் சாப்பிட்டீங்க. இந்தச் சட்டியில மட்டும் விஷம்னு எப்படித் தெரியும்? காலையில வோர்க்கு டப்பாவுல வந்த சாப்பாட்டுலதான் விஷம்னு சொன்னீங்க. சட்டின்னு ஒரு வார்த்தை யாருமே சொல்லலையே!”

மெஸ்ஃபினின் வாய் இப்போது தானாகத் திறந்தது.

லெம்லெம் நடந்து வந்தாள். சட்டியிலிருந்து ஒரு கவளம் உருட்டி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள்.

“இது வேற சட்டி, முதலாளி. உங்க சட்டி இன்ஸ்பெக்டர் பையில இருக்கு. ஷீரோ நல்லாத்தான் இருக்கு... உப்புதான் ஒரு கல்லு கம்மி.”

ஜெமால் விலங்கை மாட்டினார். லெம்லெம் விடவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. என் கோழிக் குழம்பு எங்கே?”

மெஸ்ஃபின் தலையைத் தொங்கப் போட்டார்.

“டப்பா... கார்ல இருக்கு. ஒளிக்கத்தான் எடுத்துட்டுப் போனேன். இப்போ பந்திக்கு வர்றதுக்கு முன்னாடி திறந்து பார்த்தேன்... வாசனை தாங்கல... அம்மா செய்ற மாதிரியே இருந்துச்சு...”

“முட்டை?”

“ரெண்டையும்...”

“கொலைகூட விடுங்க,” என்றாள் லெம்லெம் கூட்டத்தைப் பார்த்து. “செத்தவர் சாப்பாட்டை எடுத்துத் தின்னிருக்கான்யா!”

*

ஜீப்பிலிருந்து வோர்க்கு இறங்கினான். மெஸ்ஃபின் ஏறினார். அதே சீட்டு. சூடுகூட ஆறவில்லை.

பின்கேட்டில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

“மெஷினை ஏத்தலாமா சார்? வெள்ளிக்கிழமை அடுத்த ஊர்ல திறப்பு விழாவாமே!”

“அதெல்லாம் சாட்சிடா! தொடாதே!” என்று கத்தினார் ஜெமால்.

லெம்லெம் நாலாம் நம்பர் கொட்டகை பக்கம் பார்த்து ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த நாளில் கிதானேவுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

தம்பியை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று திரும்பினாள்.

ஆளைக் காணோம்!

“வோர்க்கு...? டேய்...!”

பதிலுக்குக் கைதட்டல் கேட்டது. ஓடினாள்.

ஐந்தாம் நம்பர் கொட்டகை வாசல். மந்திரி கையில் கத்தரிக்கோல். சிவப்பு ரிப்பன். பக்கத்தில், மெஸ்ஃபின் நாற்காலியில் விட்டுப் போன நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, விரல் நுனி வரை மறைந்த கையால் மந்திரியோடு கைகுலுக்கிக்கொண்டு...

வோர்க்கு!

“என்ன சார் இது அக்கிரமம்?” ஷிமெலிஸின் சட்டையைப் பிடித்தாள்.

“கத்தாதேம்மா! கேமராக்காரன் அடிஸ் திரும்பணும். பேப்பர்ல முதலாளி போட்டோ வேணும். இவன் ஒருத்தனுக்குத்தான் கோட்டு ஓரளவு சரியா இருந்துச்சு. பேப்பர்ல ‘தொழிலதிபர் வோர்க்கு’ன்னு கொடுத்தாச்சு. மந்திரியும் கையெழுத்துப் போட்டுட்டார். நிலம் இப்போ உன் தம்பி பேர்ல!”

வோர்க்கு கோட்டை இழுத்து விட்டுக்கொண்டே வந்தான். முகமெல்லாம் பல்.

“அக்கா...! காலையில கொலைகாரன்னாங்க... இப்போ முதலாளின்றாங்க...! எனக்கு ஒண்ணுமே புரியல!”

லெம்லெம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கோழி எலும்பை எடுத்து வீசினாள்.

“புரியறதுக்கு என்னடா இருக்கு? மத்தவன் எல்லாம் முதலாளி ஆன பிறகு உள்ளே போவான்... நீ ஒருத்தன்தான் உள்ளே போயிட்டு வந்து முதலாளி ஆயிருக்கே!”